அர்த்தம் தெரியாமல் தோற்ற, ஜெயித்த ஸ்கிராபிள் வார்த்தைகள்: உங்கள் அனுபவம்?

நானே ஆரம்பிக்கிறேன். ஸ்கிராபிள் என்றால் ஆங்கில எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம், பையிலிருந்து எடுத்து ஆளுக்கு ஏழு டைல் கையில் இருக்கும். அன்று கடைசிச் சுற்று, பையில் டைல் காலி. என் கையில் கியூ மட்டும். ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின்னால் யூ வருமே, அது இல்லையே என்று பாஸ் சொன்னேன். எதிராளி தன் டைல்களை முடித்தார். மிச்சமான கியூவுக்கு எனக்கு 10 கழிந்து, அவருக்கு 10 ஏறியது. 9 புள்ளியில் தோல்வி. அப்புறம்தான் அவர் பலகையைத் தொட்டுக் காட்டினார்: வைக்கும் எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் ஒரு கட்டம், அதன் வலப்பக்கம் ஒரு ஐ, கீழே ஒரு ஐ. கியூவை அங்கே வைத்திருந்தால் கியூ-ஐ இரண்டு பக்கமும் அமைந்து, பக்கத்துக்கு 31 வீதம் 62! 'ச்சீ' என்று உச்சரிக்கணுமாம், சீன மொழியில் உயிர்மூச்சு. எனக்கு அங்கேயே மூச்சு நின்றது.

அன்றிலிருந்து இரண்டெழுத்துச் சொற்களை அர்த்தத்தோடு படிக்கிறேன். வெறும் மனப்பாடம் எனக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. ஏ-ஏ என்றால் ஹவாயில் கரடுமுரடாக இறுகிய எரிமலைக் குழம்பு, ஏ-ஐ என்றால் மெதுவாக நகரும் மூன்று விரல் ஸ்லாத் என்ற மரவிலங்கு. இந்த ஏ-ஐயை வைத்தபோது ஒருவர், "செயற்கை நுண்ணறிவா? சுருக்கெழுத்து செல்லாதுங்க" என்று சவால் விட்டார். அகராதியைப் பார்த்தோம், சொல் இருந்தது. தப்பாகச் சவால் விட்டதால் அவருக்கு அந்த முறை போச்சு.

*

எனக்கு ஒருமுறை உயிரெழுத்தே வராமல் ஏழும் மெய்யாக வந்தது. சி-டபிள்யூ-எம் காப்பாற்றியது. வெல்ஷ் சொல், 'கூம்' என்று படிக்கணும். அந்த மொழியில் டபிள்யூ உயிரெழுத்து வேலையும் பார்க்கும். பனியாறு குடைந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு என்று அர்த்தம். எவரெஸ்டில் உள்ள வெஸ்டர்ன் கூம் இதேதான், 1921-ல் மலோரி வைத்த பெயர். இதைச் சொன்னதும் சவால் விட வந்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

*

வி இரண்டு சேர்ந்து வந்திருக்கிறதா யாருக்காவது? இரண்டெழுத்துச் சொல் ஒன்றில்கூட வி கிடையாது, எங்கேயும் சொருக முடியாது. மாற்றிக்கொள்ளலாம் என்று கை பை வரைக்கும் போய்விட்டது. வி-ஈ-டி-ஐ-வி-ஈ-ஆர்... அட, நம்ம வெட்டிவேர்! ஒரு வாசனைத் திரவிய டப்பாவில் இதே ஸ்பெல்லிங்கைப் பார்த்த ஞாபகம். பலகையில் இருந்த எஸ்ஸுக்கு முன்னால் ஏழு டைலையும் இறக்கினேன். எழுத்துக் கணக்கு வெறும் 14தான், ஆனால் ஏழும் காலியானதற்கு 50 தனி. எதிரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது, "இப்படி ஒரு வார்த்தையா?" என்று சவால் விட்டு மாட்டிக்கொண்டார். சுருட்டும் இப்படி ஆங்கிலத்துக்குப் போனதுதான், சி-ஹெச்-ஈ-ஆர்-ஓ-ஓ-டி. அதுவும் சரியாக ஏழு. இன்னும் வாய்க்கவில்லை.

*

வெட்டிவேர் அன்பருக்கு: உங்களை மாதிரித் தமிழை நம்பித்தான் நானும் கே-ஏ-என்-ஜே-ஐ வைத்தேன். கஞ்சி! எதிராளி மறுபேச்சில்லாமல் 16 எழுதிக்கொண்டு, "ஜப்பானிய எழுத்தெல்லாம் படிப்பீங்களா?" என்றார். நான் வைத்தது ஜப்பானிய எழுத்துமுறையின் பெயர், கஞ்சிக்கு சி-ஓ-என்-ஜி-ஈ-ஈ என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. அவரிடம் "கொஞ்சம்தான் படிப்பேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.