அப்பாவுக்கு நீராவி இன்ஜின் காட்டணும்: மேட்டுப்பாளையத்தில் ஏறுவதா, ஊட்டியில் ஏறுவதா?

கோவில்பட்டி மீனா:
அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. நீலகிரி மலை ரயிலில் நீராவி இன்ஜின் ஓடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்கணும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை போய் வந்தால் போதும், மீதியெல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள் வீட்டில். போனவர்கள் சொல்லுங்களேன்.

காரமடைக்காரன்:
அக்கா, ஊட்டி – குன்னூர் மட்டும் போனீங்கன்னா அப்பா பார்க்கப்போறது டீசல் இன்ஜினை. நீராவி ஓடுறது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவுலதான். கண்டிப்பா கீழிருந்து ஏறுங்க.

ஃபிட்டர்னு சொன்னதால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். கல்லாறு வரைக்கும் சமதளம், சாதாரண ரயில் மாதிரி போகும். கல்லாறு தாண்டினதும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெட்டின இரும்புப் பட்டை ரெண்டு, பக்கத்துல பக்கத்துல வரும். ஒண்ணோட பல்லும் இன்னொண்ணோட பல்லும் நேருக்கு நேர் இருக்காது, மாத்தி மாத்தி இருக்கும். அதனால எந்த நேரமும் ஒரு பல்லாவது இன்ஜினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரத்தைப் பிடிச்சிருக்கும். ஸ்விட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடிச்ச முறை இது. ஏற்றம் 12.5 மீட்டருக்கு 1 மீட்டர். வெறும் சக்கரத்தை நம்பி ஏற முடியாதுங்க.

இன்ஜின்ல நாலு சிலிண்டர். கீழ இருக்கிற ரெண்டும் சாதாரண சக்கரத்தை ஓட்டும். மலை ஏறும்போது அதுல வேலை செஞ்ச அதே நீராவி மேல இருக்கிற ரெண்டு சிலிண்டருக்குப் போயி பல்சக்கரத்தைச் சுத்தும். பக்கவாட்டுல நின்னு பார்த்தா அப்பாவுக்கே விளங்கிடும். இந்த வகைப் பழைய இன்ஜின் எல்லாம் ஸ்விட்சர்லாந்து விண்டர்தூர்ல செஞ்சது. பிறகு நம்ம திருச்சி பொன்மலைப் பணிமனையிலயே புதுசா செஞ்சிருக்காங்க. எனக்கு அதுல அவ்வளவு பெருமை.

இன்ஜின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளிட்டுப் போகும். ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்னு கொடி காட்டிட்டே வருவார். முன்பெட்டியில காட்சி நல்லா இருக்கும். ஆனா அப்பாவுக்குக் கடைசிப் பெட்டி கிடைச்சா விடாதீங்க, இன்ஜின் மூச்சு வாங்குறது காதுலயே கேட்கும்.

திருவொற்றியூர் செந்தில்:
சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி அப்படியே மலை ரயிலைப் பிடிக்கலாம். 7 மணி சுமாருக்குக் கிளம்பும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மண் சரிந்து ரயிலை ரத்து செய்வது அந்த மாதங்களில் அடிக்கடி நடக்கும்.

கோவில்பட்டி மீனா:
ரொம்ப நன்றி தம்பிகளா. ஊட்டி வரை ஐந்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது. அப்பாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியுமா?

காரமடைக்காரன்:
குன்னூர்லயே இறங்கிடுங்க அக்கா, அதுதான் என் யோசனை. அங்கதான் நீராவியைக் கழட்டி டீசலை மாட்டுவாங்க. அப்பா நின்னு நிதானமா பார்க்கலாம். இன்ஜின் ஷெட்டும் அங்கதான் இருக்கு. அப்புறம் கார் பிடிச்சு ஊட்டி போயிடுங்க. வழியில ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நிக்கும். கீழ இறங்கி இன்ஜின் பக்கம் போக அதுதான் நல்ல நேரம். பெட்டியில கழிப்பறை கிடையாது, அதையும் அங்கேயே முடிச்சுக்கோங்க. தின்பண்டத்தைக் கையில வெச்சுட்டு இறங்காதீங்க, குரங்கு பிடுங்கிடும்.

கோவில்பட்டி மீனா:
அப்படியே செய்கிறோம். சிலிண்டர் விவரத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேல் சிலிண்டர் கீழே இருப்பதைவிடப் பெரியதாக இருக்குமா என்று கேட்கிறார்.

காரமடைக்காரன்:
அழுத்தம் குறைஞ்ச நீராவிதானே அங்க வருது, அதனால அப்பா கேட்டது நல்ல கேள்வி. ஹில்குரோவ்ல டிரைவர் ஐயாகிட்டயே கேட்கச் சொல்லுங்க. ஆர்வமா கேட்டா நின்னு பேசுவாங்க.