புதுப்பிப்பு: சைட் காட்டியே நாள் போகிறது என்று புலம்பியிருந்தேனே

மூன்று மாதம் முன்பு எழுதியது இதுதான்: தாம்பரம் பக்கம் மனை விற்றுக்கொடுக்கிறேன். கூப்பிட்டவரையெல்லாம் சைட்டுக்கு அழைத்துப்போய், பத்திர வேலையை இரவுக்குத் தள்ளியதில் ஒரு பத்திரப் பதிவு கடைசி நேரத்தில் நின்றுபோனது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ரத்தாகாமல் கிடந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"வில்லங்கம் பார்க்காமல் வண்டியை எடுக்காதே" என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதையே பிடித்துக்கொண்டேன். இப்போது காலை 8.30 முதல் 10 வரை போன் சைலன்ட். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பட்டாவும் ஆன்லைனில் கிடைக்கிறது. சர்வே எண் ஒத்துவராவிட்டால், கேட்பவர் யாராக இருந்தாலும் அந்த மனையை அன்று காட்டுவதில்லை.

அப்புறம் ராகு காலம். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை கையெழுத்துப் போட எந்தப் பார்ட்டியும் வருவதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் வாதாடி யார் ஜெயிப்பது? அந்த நேரத்தை பேங்க் வேலைக்கு வைத்துவிட்டேன்.

கலர் கலராக டைரி எழுதும் யோசனை நாலே நாளில் போச்சு. ஞாயிற்றுக்கிழமையும் இன்னும் கைக்கு வரவில்லை. குடும்பத்தோடு மனை பார்க்க வருவது அன்றுதான்.

நின்றுபோன அந்தப் பதிவா? அடமான ரத்து ரசீதைப் பதிந்த பிறகு, போன வாரம் முடிந்தது.