அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சு வானொலி: கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிகாகோ உறுப்பினர்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். சிகாகோவின் தெற்குப் பகுதியில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் வயதானவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரே ஸ்டேஷன்தான் ஓடும். 1690 ஏஎம், டபிள்யூ.வி.ஓ.என். நேயர்கள் போனில் அழைத்துப் பேசும் கறுப்பின வானொலி. முதலில் இரைச்சலாக இருந்தது. இப்போது காரிலும் அதையேதான் வைக்கிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. நான் போனபோது மேஜைமேல் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நிகழ்ச்சியில் பேச லைன் கிடைக்கக் காத்துக்கொண்டிருந்தார். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி, "கொஞ்ச நேரம் பேசாதீங்க, அளவு தப்பா வரும்" என்றேன். "அப்போ சீக்கிரம் முடி, அடுத்தது நான்தான்" என்றார். முடிப்பதற்குள் லைன் வந்துவிட்டது. தொகுப்பாளர் சொன்ன முதல் வார்த்தையே "ரேடியோ சத்தத்தைக் குறைங்கம்மா". அது ஃபிரிட்ஜ் மேலே இருந்தது. நான்தான் எக்கிக் குறைத்தேன்.

அவர் பேசியது குடிநீர்க் குழாயைப் பற்றி. சிகாகோவில் ஏறத்தாழ 4 லட்சம் வீட்டு இணைப்புகள் ஈயக் குழாய்கள். அமெரிக்காவில் வேறெந்த நகரத்திலும் இத்தனை கிடையாது. 1986-இல் மத்திய அரசு தடை செய்யும்வரை, ஈயத்தில்தான் போட வேண்டும் என்று நகராட்சி விதியே இருந்தது. "என் குழாயை மாற்ற இத்தனை வருஷம் ஆகும் என்கிறார்கள். அதுவரை நான் இருப்பேனா?" என்று கேட்டார். தொகுப்பாளர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எந்த வார்டு, கவுன்சிலர் யார், கடைசியாக எப்போது எழுதிக் கேட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அடுத்து வந்தவர் ஒரு பிளம்பர். காலையில் முதல் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சில நிமிடம் ஓடவிடுங்கள், ஃபில்டர் வாங்கும்போது ஈயத்தை வடிகட்டும் என்று சான்று இருக்கிறதா பாருங்கள் என்றார். அதற்கடுத்தவர் மேயரைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்துக்குள் ஒரு வீட்டுக் குழாயில் தொடங்கிய பேச்சு நகராட்சி பட்ஜெட்வரை போய்விட்டது. எனக்கு இந்த வானொலியின்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இதற்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய லெனார்ட், ஃபில் செஸ் சகோதரர்கள் 1963-இல் தொடங்கிய ஸ்டேஷன் இது. பாட்டு ஸ்டேஷனாகத்தான் பெயர் வாங்கியது. ஆனால் வெஸ்லி சவுத் இரவில் நடத்திய 'ஹாட்லைன்' நிகழ்ச்சி அப்போதே நேயர்களைப் பேசவைத்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் மால்கம் எக்ஸும் அதில் வந்திருக்கிறார்கள். பிறகு கறுப்பினத்தவர் கைக்கே வந்து, 1980-களில் முழு நேரப் பேச்சு வானொலியானது. ஹெரால்ட் வாஷிங்டன் 1983-இல் நகரின் முதல் கறுப்பின மேயரானதைப் பற்றி அந்த அம்மா இன்றும் நேற்று நடந்ததுபோலப் பேசுவார். அதற்கு முந்தைய வருஷம் லட்சத்துக்கும் மேலானவர்களைப் புதிதாக வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். தேவாலயம், கறுப்பினப் பத்திரிகை, வானொலி எல்லாம் சேர்ந்து இழுத்த தேர் அது. ஒபாமா மாநில செனட்டராக இருந்தபோது இதே ஸ்டேஷனின் தொகுப்பாளர் கிளிஃப் கெல்லியின் நிகழ்ச்சிக்கு வந்து நேயர்களுக்குப் பதில் சொன்னவர்தான்.

கறுப்பின மக்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2023-இல் இதைக் கேட்டிருந்தால் அந்த எண்ணம் போயிருக்கும். டெக்சஸிலிருந்து பஸ்ஸில் அனுப்பப்பட்ட புலம்பெயர்ந்தோரை கறுப்பின மக்கள் அதிகம் வாழும் சவுத் ஷோர் பகுதியில் மூடிக் கிடந்த பள்ளிக் கட்டடத்தில் தங்கவைக்க நகராட்சி திட்டமிட்டது. "2013-இல் எங்கள் பிள்ளைகளின் பள்ளிகளை மூடும்போது இல்லாத பணம் இப்போது எங்கிருந்து வந்தது?" என்று ஒருவர் கேட்பார். அந்த ஒரே வருஷத்தில் 50 பள்ளிகள் அளவுக்கு மூடினார்கள், அதனால் அது வெறும் கோபமில்லை. அடுத்த அழைப்பாளர், "மிசிசிப்பியிலிருந்து நம் தாத்தா பாட்டி ஒரு பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கியதை மறந்துவிட்டோமா?" என்பார். இரண்டு பேருமே ஒரே தெருக்காரர்களாக இருப்பார்கள்.

ஃபிலடெல்ஃபியா உறுப்பினர்

அக்கா, எங்கள் ஊரில் 900 ஏஎம், டபிள்யூ.யூ.ஆர்.டி. டாக்டர் வால்டர் லோமாக்ஸ் குடும்பம் 2003-இல் வாங்கியது. அவர் மகள் சாரா லோமாக்ஸ் நடத்துகிறார். நான் கார் சர்வீஸுக்கு விடும் மெக்கானிக் ஷெட்டில் காலையிலிருந்து மாலைவரை இதுதான்.

2024 ஜூலையை மறக்க முடியாது. டிரம்ப்புடன் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறிய கையோடு இந்த ஸ்டேஷனுக்குத்தான் பேட்டி கொடுத்தார். கேள்விகளைத் தன்னிடம் அவருடைய தரப்பே முன்கூட்டிக் கொடுத்தது என்று தொகுப்பாளர் ஆண்ட்ரியா லாஃபுல் சாண்டர்ஸ் பிறகு ஒரு டிவி பேட்டியில் சொன்னார். நேயர்களின் நம்பிக்கைக்கு இது சரிப்படாது என்று நிர்வாகம் சொல்ல, அவர் விலகினார்.

அந்த வாரம் ஷெட்டில் வேலையே ஓடவில்லை. "பெரிய சானல்காரன் செய்தால் யாரும் கேட்பதில்லை, நம் பெண் செய்தால் வேலை போகிறது" என்றார் ஒருவர். ஷெட்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் கேள்வியைக் கேட்கத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவர் கேள்வியை அவரே கேட்டுக்கொள்ளட்டும்." எனக்கு ஷெட்காரர் சொன்னதுதான் சரி. நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுக்காக எட்டிப்பார்ப்பவர்களிடம் மக்கள் கேட்க நினைப்பதைக் கேட்க வேறு இடம் ஏது?

லாஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினர்

நான் இவர்களைவிட மூத்தவன். 1992-இல் இங்கே மாணவன். ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த வழக்கில் ஏப்ரல் 29 அன்று போலீஸ்காரர்கள் விடுதலையானபோது, பாடகர் ஸ்டீவி வொண்டருக்குச் சொந்தமான கே.ஜே.எல்.எச். எஃப்எம் பாட்டை நிறுத்திவிட்டு போன் லைன்களைத் திறந்துவிட்டது. ஸ்டுடியோ கலவரம் நடந்த பகுதியில், கிரென்ஷா சாலையிலேயே இருந்தது.

டிவியில் மேலிருந்து ஹெலிகாப்டர் காட்டிய நெருப்பு மட்டும்தான். வானொலியில் அந்தத் தெருவில் இருந்தவர்களே பேசினார்கள். அழுதார்கள், கத்தினார்கள், எந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னார்கள். லடாஷா ஹார்லின்ஸ் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. முந்தைய வருஷம் ஒரு ஜூஸ் பாட்டில் தகராறில் கடைக்காரப் பெண் சுட்டுக் கொன்ற 15 வயதுச் சிறுமி. சுட்டவருக்குச் சிறைத் தண்டனை இல்லாமலே போனது. டிவி மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாமே ஒரு தீர்ப்பால் வந்த கலவரம்தான். ரேடியோ கேட்ட எனக்கு, எத்தனை நாள் கோபம் அது என்று தெரிந்தது. அந்தப் பணிக்காக ஸ்டேஷனுக்கு ஒலிபரப்புத் துறையின் பெரிய விருதான பீபடி கிடைத்தது.

வாஷிங்டன் உறுப்பினர்

வானொலித் தொகுப்பாளர் ஜோ மேடிசனைக் குறிப்பிடாமல் போகக் கூடாது. யாராவது போன் செய்து புலம்பினால், முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். வாக்குரிமைச் சட்டத்துக்காக 2021 நவம்பரில் தொடங்கி 73 நாள் உண்ணாவிரதம் இருந்தார், அதுவும் புற்றுநோயோடு. 2024 ஜனவரியில் போய்விட்டார். காலையில் அவர் குரல் இல்லாதது இன்னமும் பழகவில்லை.

புதிய உறுப்பினர்

நம்மைப் போன்றவர்கள் அழைத்துப் பேசலாமா? தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

சிகாகோ உறுப்பினர்

தாராளமாகப் பேசலாம். ஆனால் கொஞ்ச நாள் கேட்டுவிட்டுப் பேசுங்கள். நம்மைப் பற்றியும் அங்கே பேச்சு வரும். தெற்குப் பகுதியில் பெட்ரோல் பங்க், மூலைக்கடை நடத்துபவர்களில் அரபு நாட்டவரும் தெற்காசியரும் நிறையப் பேர். கெட்டுப்போன பாலை விற்கிறார்கள், உள்ளே நுழைந்ததுமே திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள், பகுதிப் பிள்ளைகளுக்கு வேலை தருவதில்லை என்று நேயர்கள் சொல்வார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

ஒருமுறை அப்படிப் பேச்சு நடந்தபோது ஒரு கடைக்காரரே அழைத்தார். குரலிலேயே தெரிந்தது, நம் பக்கத்து ஆள். என் கடையை இரண்டு தடவை உடைத்துவிட்டார்கள், நான் பயந்துபோயிருக்கிறேன் என்றார். தொகுப்பாளர் இடைமறிக்கவில்லை. முழுக்கச் சொல்ல விட்டார். பிறகு, "உங்கள் பகுதி போலீஸ் கூட்டம் மாதாமாதம் நடக்கிறதே, போயிருக்கிறீர்களா? கடைக்கு வருபவர்களில் யாருடைய பெயராவது தெரியுமா?" என்று கேட்டார். அவர் இல்லை என்றார். அடுத்த அழைப்பாளர் அந்தக் கடைக்கு எதிர் வீட்டுக்காரர். அடுத்த கூட்டம் எந்த நாள், எந்த தேவாலயத்தில் என்று சொல்லி, நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றார்.