நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே மதுரையில் நாங்கள் சுற்றிய இடங்கள்

தெப்பக்குளத்துப் பெண்:

எனக்குத் தை மாதம் நிச்சயம் ஆனது, ஆவணியில் கல்யாணம். இருவருக்குமே மதுரைதான். நான் தெப்பக்குளத்துப் பக்கம், அவர் திருநகர். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவதற்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருந்தேன். இந்த ஐந்து மாதத்தில்தான் தெரிந்தது, அவருடைய மதுரை வேறு, என்னுடையது வேறு.

முதலில் என் முறை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் அவருக்குப் பஸ்ஸில் தாண்டிப்போகும் இடம். எனக்கோ வீட்டு முற்றம் மாதிரி. சாயங்காலம் கீழ்க்கரைச் சுவரில் உட்கார்ந்தால் மைய மண்டபத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். மகால் கட்டச் செங்கல்லுக்காக மண்ணெடுத்த பள்ளத்தைத்தான் 1645-இல் திருமலை நாயக்கர் குளமாக்கினார், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்று அப்பா எனக்குச் சொன்ன கதையை அவருக்குச் சொன்னேன்.

அங்கே அவித்த கடலை விற்கும் அம்மா என்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்ப்பவர். அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவுகதான் மாப்பிள்ளையா?" என்று கேட்டு இரண்டு பொட்டலம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "இதை மொய்க்கணக்குல எழுதிறாத தாயி, அதுக்குத் தனியா வந்து செய்வேன்" என்றார். பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகை அவருக்குத்தான்.

அப்புறம் அவர் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கீழக்குயில்குடி. தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை, தம்பியும் கூட வந்தான். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் சமணர் மலை. இருபத்தாறு வயதுவரை நான் அந்தப் பக்கமே போனதில்லை. பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம் போனால், வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் இருக்கிற எழுத்து. அவர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினார். சின்ன வயதில் அவருடைய அப்பா ஒரு முறைக்கு ஓர் எழுத்து என்று சொல்லிக்கொடுத்தாராம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. "அதுக்கப்புறம் யாரையும் இங்க கூட்டிட்டு வரல" என்றார். தம்பி புரிந்துகொண்டு சுனைப் பக்கம் நகர்ந்துவிட்டான். அந்தக் காலை வேளையில்தான் இவரைத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

விளக்குத்தூண் ஜிகர்தண்டா, மகாலில் ஒலி ஒளிக் காட்சி எல்லாம் போனோம். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் உட்கார்ந்து பேசுவதற்கு மீனாட்சி கோயில் மாதிரி வேறு இடம் இல்லை. 2018 தீவிபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிவிட்டு, பொற்றாமரைக் குளத்தின் வடக்குப் படியில் தெற்குக் கோபுரத்தைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் இருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகும் என் சம்பளத்தில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்குப் போகும் என்பதை அங்கேதான் சொன்னேன். "இதைக் கேட்கணுமா?" என்று மட்டும் சொன்னார்.

கீழவாசல்காரர்:

தங்கச்சி, எங்களுக்கு நிச்சயமானது 1994-இல். அன்றைக்குத் தெப்பக்குளத்தில் தண்ணீர் ஏது? உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிய ஆட்கள் நாங்கள். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிரம்பி நிற்பதைப் பார்த்தால் கண் நிறைந்துவிடுகிறது. எங்களைக் கோயிலுக்கு மட்டும்தான் விடுவார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில், கோயிலுக்கு எதிரே தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த புது மண்டபத்திலும் பார்த்துக்கொள்வோம். அந்தத் தையல் மிஷின்கள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

ஒரு நாள் ராத்திரி பள்ளியறை பூஜைக்கு இரண்டு பேரும் போய்ப் பாருங்கள். நடை சாத்தும் முன்னால் சொக்கரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்கு எடுத்துப் போவார்கள். அவர்தான் அம்மன் வீடு தேடிப் போகிறார், தினமும். "உங்க வீட்ல மதுரையா சிதம்பரமா?" என்று மாப்பிள்ளையை யாராவது கேட்டால், இதைப் பார்த்தவருக்குப் பதில் தெரியும்.

தெப்பக்குளத்துப் பெண்:

அண்ணா, போன வெள்ளிக்கிழமை போனோம். அவருடைய அம்மாவும் வந்தார்கள். பல்லக்கு எங்களைத் தாண்டும்போது மூன்று பேருமே பேசவில்லை. வெளியே வந்ததும் அவர் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். ஒரு முழம் எனக்கு, ஒரு முழம் வீட்டில் இருக்கும் அப்பா படத்துக்கு.