‘மேட்ச் ஈக்யூ’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

வீட்டு ஒலிப்பதிவுக் கையேட்டில் ‘மேட்ச் ஈக்யூ’ (வேறொரு பாட்டைப் பார்த்து நம் பாட்டின் அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) வரும் இடங்களில் இப்போதைக்குச் ‘சமனாக்கப் பொருத்தம்’ என்று போட்டு வைத்திருக்கிறோம். வாசித்தால் ஜாதகக் கட்டுதான் நினைவுக்கு வருகிறது. ‘ஒலிநகலி’ என்று இன்னொரு பரிந்துரையும் உண்டு. மூன்று சொற்கள் வேண்டும்: கருவிக்கு, செயலுக்கு, எந்தப் பாட்டைப் பார்த்துச் சரிசெய்கிறோமோ அந்த ‘ரெஃபரன்ஸ் டிராக்’குக்கு.

*

ஐயா, ‘ஒலிநகலி’ வேண்டாம். நகல் என்றால் எல்லாமே வந்துவிடும் என்று நம்பிவிடுவார்கள். இந்தக் கருவி எடுப்பது ஒன்றே ஒன்று: பாட்டின் சராசரி நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபல் என்ற வளைகோடு. நம் மிக்ஸுக்கும் (குரலும் கருவிகளும் சேர்ந்த நம் கலவைக்கும்) அதே கோட்டை வரைந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வடிகட்டியாக்கிப் போடுகிறது. கம்ப்ரஷன் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), ரிவெர்ப் (அறையின் எதிரொலிப்பு), இடவல விரிவு எதுவும் கூட வராது.

ஈக்யூ, அதாவது ‘ஈக்வலைசர்’, என்பதற்கான ‘சமனி’யை மட்டும் விட்டுவிடாதீர்கள். தொலைபேசிக் கம்பியில் தூரம் கூடக்கூட உயர் அதிர்வெண்கள் அதிகமாகத் தேயும். தேய்ந்ததை ஏற்றிச் சமனாக்கியதால்தான் ‘ஈக்வலைசர்’ என்ற பெயர். இசைக்கூடத்துக்குள் வந்தபின் பெரும்பாலும் யாரும் எதையும் சமனாக்குவதில்லை. ஏற்றுகிறோம், இறக்குகிறோம், அவ்வளவுதான். இரண்டு கோடுகளின் வித்தியாசத்தைச் சுழியாக்கும் இந்தக் கருவியில் அந்தப் பழைய பொருள் திரும்பி வந்திருக்கிறது.

முன்னால் ‘சாயல்’ சேர்க்கலாம். பிள்ளைக்குத் தகப்பன் சாயல் என்கிறோம்: ஆள் வேறு, முகவெட்டு அது. கருவி ‘சாயல் சமனி’, செயல் ‘சாயல் சமனாக்கம்’.

இது வெறும் அழகுக்காக இல்லை. முழு நகலாக எடுக்கப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாதிரிப் பாட்டில் பேஸ் கிட்டார் ஈ சுரத்தில் நிற்கிறது என்றால் 41, 82 ஹெர்ட்ஸில் மேடு இருக்கும். நம் பாட்டு ஏ சுரத்தில் என்றால் மேடு 55, 110-இல். கருவி 41-ஐத் தூக்கி 55-ஐ வெட்டும். நம் பேஸின் அடித்தளமே போய்விடும். ஆகவேதான் கோட்டை வழவழப்பாக்கும் வசதி. லாஜிக் புரோ என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அது அரைச்சுரக் கணக்கில் இருக்கிறது: 4 என்றால் ஆக்டேவில் மூன்றில் ஒரு பங்கு, 12 என்றால் முழு ஆக்டேவ். ஈ-க்கும் ஏ-க்கும் இடைவெளி 5 அரைச்சுரம், ஆதலால் 4 போதாது. கீழ்ப்பகுதிக்கு 12 வரை போகலாம்.

*

‘சாயல்’ எனக்கும் சம்மதம். ஒரு சோதனையும் செய்து பார்த்தேன்: “சாயலை 40 விழுக்காடு ஏற்று” என்று சொல்ல முடிகிறது, “நகலை 40 விழுக்காடு ஏற்று” என்று சொல்ல முடியவில்லை. நடைமுறையில் 30 முதல் 50 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுவது அரிது.

கையேட்டில் சொல்லோடு செய்முறையும் சேரட்டும். பல்லவிக்குப் பல்லவியையே அளக்க வேண்டும். தாளவேகம் 90 என்றால் 16 பார் (நான்கடித் தாளச் சுற்று), ஏறத்தாழ 43 நொடி, போதுமான சராசரி தரும். மாதிரி 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பாக இருந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றுமே இராது, அந்த வெறுமையையும் கருவி அப்படியே படியெடுக்கும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கோட்டைத் தட்டையாக்கிவிடுங்கள். காதால் ஒப்பிடும் முன் மாதிரியின் ஒலியளவைக் குறைக்க வேண்டும்: அது −9 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு), நம்முடையது −18 என்றால் 9 டெசிபல். இல்லாவிட்டால் சத்தமானதே நல்லதாகத் தோன்றும். கருவியின் நேரியல் கட்ட (‘லீனியர் ஃபேஸ்’) முறையில் கிக் அடிக்குச் சற்று முன்பே மெல்லிய பிசிறு கேட்கலாம். கேட்டால் சிறுமக் கட்டத்துக்கு (‘மினிமம் ஃபேஸ்’) மாற்றுங்கள்.

கருவி எங்காவது 6 டெசிபலுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ சொன்னால் கோளாறு மிக்ஸில். 3 கிலோஹெர்ட்ஸில் பெரிய ஏற்றம் வேண்டும் என்கிறதென்றால் பெரும்பாலும் குரல் தாழ்ந்திருக்கிறது. அங்கே சமனியை ஏற்றினால் சிம்பலும் கிட்டாரும் கூடவே கத்தும். குரலின் ஃபேடரை (ஒலியளவுத் தள்ளியை) ஒன்றரை டெசிபல் தள்ளிவிட்டு மறுபடி அளப்பதே வழி.

‘ரெஃபரன்ஸ் டிராக்’குக்கு ‘மேற்கோள்’ இன்று வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ‘உரைகல் பதிவு’ என்பேன். தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்க்கிறோம், கல்லாக மாற்றுவதில்லை. இலங்கை வாசகருக்காக அதிர்வெண்ணை அடுத்து ‘மீடிறன்’ என்றும் ஒருமுறை குறித்துவிடுங்கள். அங்கே பாடநூலில் அதுதான்.

*

இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஐயம்: புணர்ச்சிப்படி ‘சாயற்சமனி’ என்றல்லவா வரும்?

*

வரும். ஆனால் ‘சாயல்’ என்று தேடுபவருக்கு அது அகப்படாது. பிரித்தே எழுதுங்கள்.