ஆத்தா வீட்டுப் பிள்ளைகள்

புதன், இரவு 8:41

அம்மா: வெள்ளி இரவு 9 மணியிலிருந்து ஞாயிறு இரவு வரைக்கும் தண்ணீர் இல்லையாம். ஞாயிறுதான் ஆத்தாவுக்குப் பதினாறு. என்ன செய்வது?

மாலா அத்தை: ஐயோ

ரவி மாமா: யார் சொன்னது? போன தடவையும் புரளிதான்

நான்: இல்லை மாமா, நோட்டீஸ் வந்திருக்கிறது. நம் குடியிருப்புத் தாமான் முழுக்க, பழைய லயத்து வீடுகள் பக்கமும்.

பிரியா அக்கா: ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து கோலாலம்பூருக்கு அனுப்புவது நம் ஊர். வாளி தூக்குவதும் நாம் 😂

சுந்தரம் பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். கூரைத் தொட்டி 150 கேலன், அதாவது 680 லிட்டர். 60 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு தடவை கழிப்பறை, ஒரு ப்ளஷ்ஷுக்கு 6 லிட்டர். அதற்கே 720 லிட்டர். சோறு வடிக்க, கை கழுவ ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ப்ளஷ் டாங்கியின் பைப்பை மூடிவிட்டு, வாளியும் குவளையும் வைக்கவும். இன்னொன்று, அடுப்படிப் பைப்பு தொட்டியிலிருந்து வருவதில்லை, நேரே மெயினிலிருந்து வருகிறது. முதலில் காய்வது அதுதான். குடிக்கிற தண்ணீரை வெள்ளி மாலைக்குள் அங்கே பிடித்துவிடவும். (1/3)

ரவி மாமா: ஒன்றுதானா முடிந்தது??

மாலா அத்தை: அண்ணன் ஆலையில் கரண்டு வேலை பார்க்கும் சார்ஜ்மேனாக இருந்தபோதும் இப்படித்தான். ரிப்போர்ட் படிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும்

ரவி மாமா: டிரம் கவலை விடுங்கள். தோட்டத்து ஸ்டோரில் நீல டிரம் மூன்று சும்மா கிடக்கிறது. நாளைக்கே ஏற்றிவிடுகிறேன்

சுந்தரம் பெரியப்பா: மாப்பிள்ளை, அது புல் மருந்து டிரம். பாராகுவாட் இருந்தது. 2020-இலிருந்து தடை செய்த மருந்து. எத்தனை தடவை கழுவினாலும் அதில் தண்ணீர் பிடிக்கக் கூடாது.

ரவி மாமா: கழிப்பறைக்குத்தானே மச்சான்

சுந்தரம் பெரியப்பா: பந்தியில் ஒரு பிள்ளை அதில் கை விட்டால்?

அம்மா: வேண்டாம் வேண்டாம். மாலா அண்ணி, ஆத்தாவுடைய பெரிய டிரம் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?

(பதில் இல்லை)

பிரியா அக்கா: தண்ணீர் லோரி சொல்லிவிடலாமே. தென்னமரம் எஸ்டேட் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார்

ரவி மாமா: பெயர் தென்னமரம், தோட்டம் முழுக்க எண்ணெய்ச் செம்பனை 😂

சுந்தரம் பெரியப்பா: சிரிக்க வேண்டாம். மலேசியாவிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது அங்கேதான். 1917. நட்டவர் பிரெஞ்சுக்காரர்.

அம்மா: அரிசி எத்தனை கிலோ என்று யாராவது சொல்லுங்கள்

பிரியா அக்கா: லோரிக்காரருக்கு முகவரி என்ன போட? பத்தாங் பெர்ஜுந்தையா, பெஸ்தாரி ஜெயாவா?

நான்: பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறி எத்தனை வருஷம்

சுந்தரம் பெரியப்பா: 2007. எனக்கு என்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

9:20

நான்: சாயங்காலம் ஆனால் இடி மழை. கரண்டும் போனால்?

ரவி மாமா: என் ஜெனரேட்டர் இருக்கிறதே. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் போட்டு அடுப்படிப் பிளக்கில் சொருகினால் வீடு முழுக்க எரியும்

சுந்தரம் பெரியப்பா: சொருகவே கூடாது!! கரண்டு மீட்டர் வழியாக வெளிக் கம்பிக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் ஏறியிருக்கிற ஆள் செத்துப்போவான். ஜெனரேட்டரை வாசலுக்கு வெளியே, சன்னலை விட்டுத் தள்ளி வைத்து, விளக்குக்கும் காற்றாடிக்கும் தனி வயர் இழுக்கவும். வீட்டுக்குள் வைத்தால் புகையே ஆளைக் கொல்லும். கரண்டு போனதும் பிரிட்ஜைத் திறக்காதீர்கள், மூடியிருந்தால் 4 மணி நேரம் தாங்கும். (2/3)

மாலா அத்தை: போன தீபாவளிக்கு அந்த ஜெனரேட்டர் இருபது தடவை இழுத்தும் கிளம்பவில்லை

ரவி மாமா: பெட்ரோல் பழசு

செல்வி: ஆத்தா இருந்திருந்தால் இந்நேரம் குடமெல்லாம் நிரம்பி, வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கும் 😢

🙏🙏🙏

அம்மா: அண்ணி, டிரம்

மாலா அத்தை: இருக்கிறது லட்சுமி. ஆத்தா எனக்குக் கொடுத்தது அது. ஞாயிறு முடிந்ததும் திரும்ப வேண்டும்

அம்மா: அதை யார் கேட்டார்கள்

சுந்தரம் பெரியப்பா: மூடியோடு கொண்டு வரவும். ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீர் திரும்பி வரும்போது கலங்கலாக வரும், முதலில் வாசல் பைப்பைத் திறந்து (3/3) மீதி பிறகு, சார்ஜ் இல்லை

மாலா அத்தை: மூடி கிடையாது. கொடுத்தபோதே மூடி வரவில்லை

நான்: கோழிக் கூண்டுமேல் ஒரு நீல மூடி இருக்கிறதே அம்மா?

அம்மா: நீ போய்ப் படி