மறு: காட்டிஞ்சிக் கட்டுரைக்கு ஒரு சொல்: மருந்தாகுதிறன்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வரைவைப் படித்துக் கருத்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காட்டிஞ்சிக் கட்டுரையின் தலைப்பில் வரும் 'மெடிசினல் பொட்டன்ஷியல்' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடி, அந்த ஒரே இடத்தில்தான் மூன்று நாளாக நிற்கிறோம். உங்கள் கேள்விகளுக்குக் கீழேயே எழுதுகிறேன்.

> மருத்துவ குணம் என்றே போடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். 'மருத்துவ குணம் கொண்டது' என்றால் சாப்பிட்டால் நோய் தீரும் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். நமது காட்டிஞ்சி (தாவரவியல் பெயர் ஜிஞ்சிபெர் ஜெரம்பெட்) பற்றிய சான்று அவ்வளவு தூரம் போகவில்லை.

போன தூரம் என்னவென்று பாருங்கள். இதன் கிழங்கு எண்ணெயில் மிகுந்திருக்கும் சேர்மம் ஜெரம்போன். அதை ஒற்றை வளையக் கீட்டோன் (கார்பனோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த தொகுதி உள்ள சேர்மம்) என்று 1960இல் விவரித்தவர் நம் நாட்டு வேதியியலாளர் சுக் தேவ். மொத்தம் 15 கார்பன்; அவற்றில் 11 கைகோத்து ஒரு பெரிய வளையம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் அந்தக் கீட்டோன் தொகுதி. புரதத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்வது அந்த இடம்தான். இதே கிழங்கிலுள்ள ஆல்பா ஹியூமுலீனுக்கும் அதே 11 கார்பன் வளையம் உண்டு, கீட்டோன் மட்டும் கிடையாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டையும் கலங்களில் (உயிரணுக்களில்) ஒப்பிட்டபோது, ஜெரம்போன் அழற்சிக்கான செயல்களைத் தடுத்தது, ஹியூமுலீன் தடுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. 'இஞ்சி உடம்புக்கு நல்லது' என்ற இடத்திலிருந்து 'இந்த மூலக்கூறின் இந்த மூலைதான் வேலை செய்கிறது' என்ற இடத்துக்கு வந்துவிட்டோம் அல்லவா!

அப்புறம் 2009இல், தீவனத்தில் ஜெரம்போன் கலந்து கொடுத்த சுண்டெலிகளுக்குப் பெருங்குடலிலும் நுரையீரலிலும் கட்டிகள் குறைந்தன என்று ஓர் ஆய்வு வந்தது. ஆனால் இந்தச் சேர்மம் தண்ணீரில் கரைவதே அரிது. கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டக்கூடிய இயல்பும் கவனிக்க வேண்டியது. மனிதருக்கான மருந்தாக இது இன்னும் ஏற்கப்படவில்லை. இந்த 'இன்னும்' நமது சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

> மருத்துவ ஆற்றல்? அல்லது மருந்தாகும் வாய்ப்பு?

ஆற்றலை இயற்பியலுக்குக் கொடுத்துவிட்டோம். அதோடு, 'ஆற்றல் உண்டு' என்றாலும் முடிந்துபோன உறுதியாகவே ஒலிக்கிறது. வாய்ப்பு நல்ல சொல். ஆனால் வாய்ப்பு பெரும்பாலும் பொருளுக்கு வெளியே இருப்பது: பணம் கிடைக்கிறதா, அனுமதி கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. நமக்கு வேண்டியது கிழங்குக்குள்ளேயே இருக்கும் ஒன்று, சோதித்து அளக்கக்கூடிய ஒன்று.

அதனால்தான் 'மருந்தாகுதிறன்' என்கிறேன். முளைப்புத்திறன் என்ற சொல் நம் உழவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நெல் விதைக்கு அது குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதைச் சான்றளிப்பின் விதி. பையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு விளைச்சல் உறுதி என்று யாரும் நினைப்பதில்லை. மழை, மண், பூச்சி எல்லாம் இனிமேல்தான். அதே அடக்கம் நமக்கும் வேண்டும்.

> வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்துமே. 'மருந்தாகு' என்றால் ஏற்கெனவே மருந்தானது என்றும் கொள்ளலாமே?

அம்மா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஏவுகணையை நினைத்துப் பாருங்கள். ஏவுவதற்கு முன்பும் அது ஏவுகணைதான். கடைசிவரை ஏவாமலே கிடங்கில் கிடந்தாலும் ஏவுகணைதான். காலம் மறைந்திருப்பது இங்கே நமக்கு உதவியாகவே இருக்கிறது. ஐயம் தீராவிட்டால் நிலையையும் சேர்த்து எழுதலாம்: கலநிலை மருந்தாகுதிறன், விலங்குநிலை மருந்தாகுதிறன் என்று. ஜெரம்போனுக்கு இந்த இரண்டையும் எழுதலாம். 'மனிதநிலை' என்று எழுத எனக்குக் கை வராது.

இன்னொன்று, இதைவிட அவசரமானது. நமது சொற்பட்டியலில் வட அமெரிக்க அசாரம் செடிக்கும் 'காட்டிஞ்சி' என்றே போட்டிருக்கிறோம். அங்கே ஆங்கிலத்தில் அதை 'வைல்ட் ஜிஞ்சர்' என்று சொல்வதால் வந்த வினை. அது இஞ்சிக் குடும்பமே இல்லை. நம்மூர் ஆடுதின்னாப்பாளையின் உறவு. அந்தக் குடும்பத்தின் அரிஸ்டோலோகிக் அமிலம் அதிலும் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுப்பது, புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியான நஞ்சு அது. நமது கட்டுரையைப் படித்துவிட்டு அங்குள்ள தமிழர் ஒருவர் அந்தக் கிழங்கைத் தோண்டிக் கொதிக்கவைத்தால் என்ன ஆகும்?

ஆகவே பட்டியலில் அந்த வரியை இன்றே நீக்கிவிடுகிறேன். மணம் இஞ்சியைப் போல இருந்தாலும் பெயரில் இஞ்சி வராத ஒரு சொல்லை அசாரத்துக்கு யாராவது சொல்லுங்கள். அதுவரை 'அசாரம்' என்றே இருக்கட்டும்.

அன்புடன்